பழைய வீடு வாங்கும்போது உள்ளே இருக்கும் பொருள்களுக்கு எவ்வளவு கொடுக்கலாம்?

ஒருவர் குடியிருந்த வீட்டை விலை பேசும்போது பேச்செல்லாம் மனையையும் கட்டடத்தையும் சுற்றியே ஓடும். விலை படிந்த பிறகுதான், "ஏசி, வார்ட்ரோப், கிச்சன் எல்லாம் நல்லா செலவு பண்ணி போட்டதுங்க, அதுக்குத் தனியா ஒரு தொகை வெச்சுக்கலாம்" என்று விற்பவர் ஆரம்பிப்பார். அந்த நேரத்தில் வாங்குபவர் கையில் பட்டியலும் இருக்காது, கணக்கும் இருக்காது. கேட்ட தொகையில் கொஞ்சம் குறைத்துவிட்டுச் சம்மதித்துவிடுவார். இன்னொரு வகையும் உண்டு: பொருள்களைப் பற்றி யாரும் வாயே திறக்காமல் கிரயம் முடியும். சாவி வாங்கிக் கதவைத் திறந்தால், ஃபேன் இருந்த இடத்தில் கொக்கி மட்டும் தொங்கும்.

இரண்டுக்கும் காரணம் ஒன்றுதான். எந்தப் பொருள் வீட்டு விலைக்குள் அடங்கியது, எதற்குத் தனி விலை, எதை விற்பவர் எடுத்துப்போகிறார் என்பது கையெழுத்துக்கு முன்னால் எழுத்தில் வரவில்லை. இந்த வேலையைச் செய்யும் வரிசை கீழே.

எது வீடு, எது பொருள்

சுவரோடும் தரையோடும் சேர்ந்தது வீட்டோடு போகும், தூக்கிப்போகக்கூடியது விற்பவருடையது. பெரும்பாலான நாடுகளில் அடிப்படை இதுதான். சிக்கல் நடுவில் இருப்பவற்றில்தான். 1872-ல் இங்கிலாந்தில் ஒரு மில்லின் தறிகளைப் பற்றி வந்த வழக்கில் நீதிமன்றம் இரண்டு கேள்விகளைக் கேட்டது: பொருள் எவ்வளவு உறுதியாகப் பொருத்தப்பட்டிருக்கிறது? எந்த நோக்கத்துக்காகப் பொருத்தினார்கள்? அந்தத் தீர்ப்பிலேயே ஒரு நல்ல எடுத்துக்காட்டு வருகிறது. சாந்து பூசாமல் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய கற்கள் மதிற்சுவராக நின்றால் அவை நிலத்தின் பகுதி. அதே கற்கள் கட்டுமானப் பொருள் விற்பவரின் முற்றத்தில் வசதிக்காக அடுக்கப்பட்டிருந்தால் அவை வெறும் சரக்கு. 1996-ல் அங்குள்ள மேல்முறையீட்டு நீதிமன்றம் இதே வழியில் போய், சமையலறை அலமாரிகளும் குளியலறைக் குழாய்களும் வீட்டைச் சேர்ந்தவை, தரைவிரிப்பு, திரைச்சீலை, ஃபிரிட்ஜ் போன்றவை சேராதவை என்று பிரித்தது.

உங்கள் ஊர்ச் சட்டம் வேறாக இருக்கலாம், அதை வழக்கறிஞரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். ஆனால் அந்த இரண்டு கேள்விகளும் எந்த வீட்டிலும் பேச்சைத் தொடங்க உதவும். சுவரின் அளவுக்கு வெட்டிப் பொருத்திய வார்ட்ரோப், சிங்க், குழாய்கள், கதவுப் பூட்டு, சுவிட்ச் போர்டு ஆகியவை வீட்டு விலைக்குள் அடங்கியவை என்ற நிலையிலிருந்தே பேசுங்கள். இவற்றுக்குத் தனியாகப் பணம் கேட்டால், "இதையெல்லாம் பார்த்துத்தானே வீட்டுக்கு இந்த விலை சொன்னோம்" என்பது நியாயமான பதில். விளம்பரப் படத்தில் சமையலறையைக் காட்டித்தான் வீட்டை விற்றார் என்றால் அந்தப் படத்தை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

ஏசி, கீசர், சிம்னி, சீலிங் ஃபேன், அலங்கார விளக்கு, கர்ட்டன் ராடு, டிவி பிராக்கெட், இன்வெர்ட்டர் ஆகிய எட்டும்தான் அதிகம் தகராறு வரும் இடம். சட்டம் என்ன சொன்னாலும் இவற்றை ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லிக் கேட்டுவிடுங்கள்.

அறை அறையாகப் பட்டியல்

வீட்டை இரண்டாம் முறை பார்க்கப் போகும்போது ஒரு நோட்டும் அளவு டேப்பும் எடுத்துப்போங்கள். வாசலில் தொடங்கி ஒரே திசையில் சுற்றி வந்தால் எதுவும் விட்டுப்போகாது. மொட்டைமாடி, பால்கனி, பரண், படிக்கட்டின் அடிப்பகுதி ஆகியவற்றையும் சேருங்கள். ஒவ்வொரு பொருளுக்கும் பெயர், இருக்கும் இடம், பிராண்ட், மாடல் எண், சீரியல் எண், தயாரித்த ஆண்டு என்று எழுதுங்கள். கடைசி மூன்றும் பொருளின் பின்பக்கமோ அடியிலோ உள்ள லேபிளில் இருக்கும். லேபிளைப் படமெடுங்கள். பின்னால் நல்ல ஏசியைக் கழற்றிக்கொண்டு அதே இடத்தில் பழையதை மாட்டிவிட்டுப் போனால், சீரியல் எண் தவிர வேறு எதுவும் உங்களுக்குச் சாட்சி சொல்லாது.

பட்டியலில் உங்களுக்கு வேண்டாதவற்றையும் எழுதுங்கள். உடைந்த சோபா, காலி பெயின்ட் டப்பா, செத்த பேட்டரி, பழைய மெத்தை இவற்றை "இருந்துட்டுப் போகட்டும், உங்களுக்கு உதவும்" என்று விட்டுப்போவார்கள். அப்புறப்படுத்தும் கூலி உங்கள் தலையில் விழும்.

அது விற்பவருடையதுதானா?

இதைப் பலர் கேட்பதே இல்லை. வீட்டில் வாடகைக்குக் குடியிருப்பவர் இருந்தால் ஏசியும் கட்டிலும் அவருடையதாக இருக்கலாம். வாட்டர் ப்யூரிஃபையர் மாத வாடகையில் வந்திருக்கலாம். சமையல் எரிவாயு சிலிண்டர் பெரும்பாலும் நிறுவனத்தின் சொத்து. கூரையில் உள்ள சோலார் பேனல் நீண்டகாலக் குத்தகையில் இருந்தால், மீதி ஆண்டுகளுக்கான மாதத் தொகையையும் சேர்த்தே உங்களிடம் தள்ளிவிடுவார்கள். தவணையில் வாங்கிய ஃபிரிட்ஜ் கடன் தீராமல் இருக்கலாம். விலை பேசுவதற்கு முன்னால் ரசீதைக் கேளுங்கள். சோலாருக்கு ஒப்பந்தத்தின் நகலையே வாங்கிப் படியுங்கள். கூட்டு உரிமையாளர்கள் இருந்தால், பொருள்களை விற்க எல்லோரும் சம்மதமா என்பதையும் அப்போதே தெளிவாக்கிக்கொள்ளுங்கள்.

ஓட்டிப் பார்க்காமல் விலை சொல்லாதீர்கள்

மின்சாரமும் தண்ணீரும் இருக்கும் நேரமாகப் பார்த்துப் போங்கள். "ஓடிட்டுதான் இருந்துச்சு" என்பது ஓடுவதற்குச் சமம் ஆகாது.

ஏசியைப் பதினைந்து இருபது நிமிடம் ஓடவிட்டு, உள்ளே இழுக்கும் காற்றின் வெப்பத்தையும் வெளியே தள்ளும் காற்றின் வெப்பத்தையும் சின்ன வெப்பமானியால் அளந்து பாருங்கள். 8 முதல் 12 டிகிரி செல்சியஸ் வித்தியாசம் இருந்தால் குளிர்ச்சி பெரும்பாலும் சரியாக இருக்கிறது. மிகக் குறைவாக இருந்தால் வடிகட்டி அழுக்கு, கேஸ் குறைவு, கம்ப்ரஸர் தளர்ச்சி இந்த மூன்றில் ஒன்றாக இருக்கலாம். வெளி யூனிட்டில் செம்புக் குழாய் சேரும் இடத்தில் எண்ணெய்ப் பிசுக்கு தெரிந்தால் கேஸ் கசிகிறது. லேபிளில் ஆர்-22 என்று இருக்கிறதா பாருங்கள். ஓசோன் படலத்தைக் காக்கும் மான்ட்ரியல் ஒப்பந்தப்படி வளர்ந்த நாடுகள் 2020-க்குள் கைவிட்ட கேஸ் அது. வளரும் நாடுகளுக்கு 2030 வரை கெடு. நாளாக ஆக அது கிடைப்பது அரிதாகிவிடும். அந்த ஏசி நன்றாகவே குளிர்ந்தாலும், ஒரு கசிவு வந்தால் பழுதுபார்ப்பதைவிட மாற்றுவதே மேல் என்று ஆகிவிடும். அதற்குத் தனி விலை கொடுக்க வேண்டியதில்லை.

தொட்டி வைத்த கீசரில் முதலில் வரும் வெந்நீரை வெள்ளைக் கிண்ணத்தில் பிடியுங்கள். துருநிறம் இருந்தால் தொட்டி உள்ளே அரித்துக்கொண்டிருக்கலாம். தொட்டியே கசிந்தால் சரிசெய்ய வழியில்லை, முழுதாக மாற்றத்தான் வேண்டும். ஆனால் ஹீட்டிங் காயில் போனது, தெர்மோஸ்டாட் போனது எல்லாம் சின்ன வேலை. விற்பவர் "ரிப்பேர் பண்ணினது" என்று சொன்னால் எதைப் பண்ணினார் என்று கேளுங்கள்.

வார்ட்ரோப்புக்கும் கிச்சன் அலமாரிக்கும் கண்ணைவிட விரல் முக்கியம். சிங்குக்கு அடியில் உள்ள பலகையின் கீழ் விளிம்பைத் தடவுங்கள். மரத்தூளையும் மரநாரையும் பசையோடு அழுத்திச் செய்யும் பலகைகளான பார்ட்டிகிள் போர்டும் எம்டிஎஃப்பும் தண்ணீர் குடித்தால் உப்பும், உப்பினால் திரும்பிப் பழைய நிலைக்கு வராது. லேமினேட் மேலே பளபளவென்றே இருக்கும், விளிம்பில் மட்டும் அலைபோல வீங்கியிருக்கும். கீல்களின் திருகை ஆட்டிப் பாருங்கள். பார்ட்டிகிள் போர்டில் திருகு ஒருமுறை தளர்ந்தால் அதே ஓட்டையில் மறுபடி பிடிக்காது. பின்பலகையை விரல்முட்டியால் தட்டினால் பொத்தென்ற சத்தம் வருகிறதா, சுவர் ஓரமாக மண்கோடு போகிறதா என்று பாருங்கள், அது கரையான். குண்டூசித் தலையளவு ஓட்டையும் கீழே மாவு போன்ற தூளும் இருந்தால் அது மரத்தைத் துளைக்கும் வண்டு. இரண்டில் எது இருந்தாலும் அந்த மரச்சாமானுக்கு விலை பேசாதீர்கள். அதை நீக்குவதற்கும் மருந்து அடிப்பதற்கும் ஆகும் செலவை வீட்டு விலையில் கழிக்கச் சொல்லுங்கள்.

ஃபிரிட்ஜ் கதவில் ஒரு தாளை வைத்து மூடி இழுங்கள். தடையில்லாமல் வழுக்கி வந்தால் ரப்பர் தளர்ந்துவிட்டது. வாஷிங் மெஷினில் டிரம்மைக் கையால் மேலும் கீழும் அசைத்தால் உள்ளே தடதடவென்று ஆடக்கூடாது, ஆடினால் பேரிங் போகிறது. இன்வெர்ட்டருக்கு மெயின் சுவிட்சை அணைத்து அரைமணி நேரம் வழக்கமான விளக்கும் ஃபேனும் ஓடட்டும். அதன் லெட்-ஆசிட் பேட்டரி பொதுவாக 3 முதல் 5 ஆண்டு உழைக்கும். 4 ஆண்டு ஆகியிருந்தால் இன்வெர்ட்டருக்கு மட்டும் விலை பேசுங்கள், பேட்டரிக்குப் பழைய இரும்புக்கடை மதிப்புதான். சோபாவிலும் கட்டிலிலும் தையல் ஓரமாக மிளகுத்தூள் தெளித்தாற்போலக் கறுப்புப் புள்ளிகள் இருந்தால் மூட்டைப்பூச்சி. மெத்தையை எந்த விலைக்கும், இனாமாகக்கூட, வாங்காதீர்கள்.

கேமரா, ஸ்மார்ட் பூட்டு, வீடியோ காலிங் பெல் போன்றவை இணையக் கணக்கோடு கட்டப்பட்டவை. விற்பவர் உங்கள் முன்னாலேயே தன் கணக்கிலிருந்து நீக்கி, கருவியைத் தொழிற்சாலை நிலைக்குக் கொண்டுவந்து தர வேண்டும். அது நடக்காதவரை பூட்டின் சாவி அவரிடமும் இருக்கிறது என்றே பொருள்.

விலை எங்கிருந்து வருகிறது

ஒரு பழைய பொருளுக்கு மூன்று விலை உண்டு. விற்பவர் மனதில் இருப்பது அவர் கொடுத்து வாங்கிய விலை. அதற்கும் இன்றைய பேரத்துக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. இரண்டாவது, அவர் அதைக் கழற்றி வெளியே விற்றால் கையில் நிற்கும் தொகை. மூன்றாவது, அது அங்கேயே இருப்பதால் உங்களுக்கு மிச்சமாகும் செலவு. இரண்டாவது அடிவிலை, மூன்றாவது உச்சவிலை. நியாயமான விலை இவற்றுக்கு நடுவில்தான் இருக்கும்.

உச்சவிலையைக் கணக்கிடும் வழி: அதே தரத்தில் புதியதின் இன்றைய விலையை, பொருத்தும் கூலியோடு, எடுத்துக்கொள்ளுங்கள். பொருளின் ஆயுளில் மீதி எத்தனை பங்கோ அந்தப் பங்கால் பெருக்குங்கள். வாரண்டி இல்லாததற்கும் பராமரிப்பு தெரியாததற்கும் மூன்றில் ஒரு பங்கு கழியுங்கள். உடனே செய்ய வேண்டிய வேலைக்கான செலவையும் கழியுங்கள்.

6 ஆண்டு ஓடிய ஒரு ஏசியைப் பார்ப்போம். புதியதின் விலை பொருத்துவதோடு 100 என்று வையுங்கள். ஆயுள் 12 ஆண்டு என்றால் பாதி மீதி, அதாவது 50. மூன்றில் ஒரு பங்கு கழித்தால் சுமார் 33. சர்வீஸுக்கும் கேஸுக்கும் 8 போனால் 25. இது உங்கள் உச்சம். இப்போது விற்பவர் பக்கம்: பழைய பொருள் வாங்கும் வியாபாரி 18 தருவார், கழற்றி இறக்கும் கூலி 4, கையில் நிற்பது 14. ஆக, பேரம் 14-க்கும் 25-க்கும் நடுவில். 15-ல் தொடங்கி 19-லோ 20-லோ முடிந்தால் இருவருக்கும் நட்டமில்லை. இதில் எந்த எண்ணையும் அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள். உங்கள் ஊரில் புதியதின் விலையையும் வியாபாரி தரும் விலையையும் விசாரித்துப் போடுங்கள்.

சுவரளவுக்கு வெட்டிய மரச்சாமானில் இந்தக் கணக்கு முற்றிலும் மாறும். கழற்றினால் உடையும், வேறு வீட்டுக்குப் பொருந்தாது. விற்பவரின் அடிவிலை பூஜ்யம், சில சமயம் கழற்றும் கூலியால் அதற்கும் கீழே. திரைச்சீலையும் அப்படித்தான், அந்த ஜன்னலுக்கு மட்டுமே பொருந்தும். இதைத் தெரிந்து வைத்திருங்கள், ஆனால் முகத்துக்கு நேராகச் சொல்லாதீர்கள். ஆசை ஆசையாகச் செய்த அலமாரியை ஒன்றுக்கும் உதவாது என்று சொன்னால், வேறு எதிலும் அவர் விட்டுக்கொடுக்க மாட்டார்.

உங்களுக்குத் தேவையில்லாத பொருள் எவ்வளவு மலிவாக வந்தாலும் அதன் உச்சவிலை பூஜ்யம். மாற்றப்போகிற கிச்சனுக்குப் பாதி விலை கொடுப்பது லாபம் இல்லை.

எப்போது, எப்படிப் பேசுவது

பொருத்திய பொருள்களை வீட்டு விலை பேசும்போதே உறுதிசெய்யுங்கள்: "நீங்க சொன்ன விலையில கிச்சன், வார்ட்ரோப், ஃபேன், லைட்டு எல்லாம் சேர்ந்ததுதானே?" இந்தக் கேள்விக்கு 'ஆமாம்' வந்தால் அங்கேயே நிறுத்துங்கள். தூக்கிப்போகும் பொருள்களை அந்த நேரத்தில் பேசாதீர்கள். சோபா உங்களுக்குப் பிடித்துவிட்டது என்று தெரிந்தால் வீட்டு விலையில் அவர் இறங்கமாட்டார். வீட்டு விலை வாய்வார்த்தையாகப் படிந்த பின், முன்பணம் கொடுப்பதற்கு முன், அந்த இடைவெளிதான் இதற்கு நேரம். முன்பணம் கொடுத்த பிறகு பேசினால் உங்கள் பிடி தளர்ந்துவிடும்.

வீட்டு விலையிலேயே இரு பக்கமும் கொஞ்சம் இழுபறியாக நின்றால் பொருள்கள் நல்ல பாலம். "சரிங்க, நீங்க சொன்ன விலைக்கே வர்றோம். ரெண்டு ஏசியும் இன்வெர்ட்டரும் அதுலயே இருக்கட்டும்" என்றால் அவருக்குச் சொன்ன விலை கிடைக்கிறது, உங்களுக்கு வாங்கவேண்டிய பொருள் கிடைக்கிறது. குடிபெயரும் நாள் நெருங்க நெருங்க விற்பவருக்குப் பொருளைவிட நிம்மதி பெரிதாகும். ஆனால் வேறு யாராவது வாங்கக் காத்திருக்கும் பொருளுக்கு அப்படிக் காத்திருக்காதீர்கள்.

"எல்லாத்துக்கும் மொத்தமா இவ்வளவு" என்று ஒரே தொகை சொன்னால், "தனித்தனியா விலை போட்டுக் கொடுங்க, நாங்க பார்த்துச் சொல்றோம்" என்று மரியாதையாகத் திருப்பிக் கொடுங்கள். மொத்தத் தொகைக்குள்தான் செத்த பேட்டரியும் உப்பிய அலமாரியும் ஒளிந்திருக்கும். தனித்தனி விலை வந்த பிறகு, வேண்டிய நாலைந்தை நீங்களே சேர்த்து ஒரு தொகை சொல்லுங்கள். பேரத்தில் அவர் பக்கம் பார்க்க வேண்டியதும் உண்டு: கழற்ற வேண்டாம், வண்டி பிடிக்க வேண்டாம், ஆள் தேட வேண்டாம், சுவர் ஓட்டையை அடைக்க வேண்டாம். இவற்றை நினைவூட்டுவது பொருளைக் குறை சொல்வதைவிட நன்றாக வேலை செய்யும்.

இடைத்தரகர் மூலம் பேசினால், பட்டியலை அவர் கையில் வாய்மொழியாக விடாமல் எழுதிக் கொடுங்கள். ஒரு எச்சரிக்கை: பொருள்களுக்காக வீட்டையே இழக்காதீர்கள். மொத்தப் பொருள் மதிப்பும் வீட்டு விலையில் சின்னப் பங்குதான். பேச்சு சூடானால் அந்தப் பொருளை விட்டுவிட்டு அடுத்த வரிக்குப் போங்கள்.

பணம், வரி, கடன்

வீட்டுக் கடன் பொதுவாக வீட்டுக்குத்தான் கிடைக்கும், சோபாவுக்குக் கிடைக்காது. ஆகவே பொருள்களுக்கான தொகை உங்கள் கைப்பணம் என்று திட்டமிடுங்கள். பதிவுக் கட்டணத்தைக் குறைக்க வீட்டு விலையில் ஒரு பகுதியைப் பொருள் விலையாகக் காட்டலாம் என்று யாராவது யோசனை சொல்வார்கள். பொருளுக்கு உண்மையான, நியாயமான விலை போட்டால் தவறில்லை. உப்பவைத்த விலை போட்டால் வரித்துறை கேள்வி கேட்கும், கடன் தொகையும் குறையும், நாளை நீங்கள் விற்கும்போது வாங்கிய விலை குறைவாகப் பதிந்திருக்கும்.

எழுத்தில்

இங்கிலாந்திலும் வேல்ஸிலும் விற்பவர்கள் டிஏ10 என்ற படிவத்தை நிரப்புவார்கள். ஒவ்வொரு பொருளுக்கும் நேரே சேர்ந்தது, சேராதது, விலை என்று கட்டங்கள் இருக்கும். அந்த அமைப்பை நீங்களே ஒரு தாளில் போட்டுக்கொள்ளலாம். விற்பனை ஒப்பந்தத்தில் "இணைப்பில் கண்ட பொருள்கள் உட்பட" என்று ஒரு வரி சேர்த்து, பட்டியலை இணைப்பாக வையுங்கள். ஒவ்வொரு பக்கத்திலும் இருவரும் கையெழுத்திட வேண்டும். பட்டியலில் இவை இருக்கட்டும்:

- பொருள், அறை, மாடல், சீரியல் எண், இன்றைய நிலை
- வீட்டு விலையில் சேர்ந்ததா, தனி விலையா, விற்பவர் எடுத்துப்போவதா
- விலையில் சேர்ந்த பொருளானாலும் அதற்கு ஒரு மதிப்பு
- ரிமோட், சாவி, கையேடு, வாரண்டி அட்டை
- எடுத்துப்போகும் பொருளுக்கு: ஓட்டை அடைப்பது, வயர் முனையை மூடுவது, குழாய்க்கு அடைப்பு போடுவது விற்பவர் பொறுப்பு
- வீட்டில் விட்டுப்போகக்கூடாதவை

பொருள்களுக்கான பணம் சாவி கைக்கு வரும் நாளில்தான் என்று எழுதுங்கள். முன்னதாகக் கேட்டால் ஒரு சிறு பகுதி மட்டும், ரசீதோடு.

சாவி வாங்கும் நாள்

கிரயத்துக்கு முந்தின நாளோ அன்று காலையிலோ, பட்டியலோடு மறுபடி ஒரு சுற்று. மின் இணைப்பைத் துண்டித்துவிட வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லிவையுங்கள். ஒவ்வொரு பொருளையும் ஓட்டி, சீரியல் எண்ணைப் பழைய படத்தோடு ஒப்பிட்டு, பட்டியலில் டிக் போடுங்கள். கட்டில் நகர்ந்த இடத்தில் சுவர் ஈரம் தெரிகிறதா என்றும் பாருங்கள், அதுவரை மரச்சாமான் மறைத்திருந்த இடம் அது.

ஏதாவது காணோம் என்றால் அங்கேயே வாக்குவாதம் வேண்டாம். பட்டியலில் அந்த வரிக்கு நேரே "இல்லை" என்று எழுதி, அதற்கு எழுதிய மதிப்பைப் பொருள்களுக்கான தொகையில் கழித்து, மீதியைக் கொடுங்கள். விலையில் சேர்ந்த பொருளுக்கும் ஒரு மதிப்பு எழுதச் சொன்னது இதற்காகத்தான். அது எழுதியிருந்தால் கழிக்க வேண்டிய தொகையில் தகராறுக்கு இடமில்லை. எழுதாமல் விட்டிருந்தால், அன்றைக்குப் புதிதாக ஒரு பேரம் தொடங்கும்.